முடிச்சு மோதிரம் வெட்டுப்பட்ட கதை

மழை ஓயாத ஒரு நாட்டின் மேற்குக் கரையில், ஒரு சின்னக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மோதிரங்கள் அக்கம்பக்கமாக இருந்தன. நாடு அயர்லாந்து. மோதிரங்கள் இரண்டும் கெல்டிக் வகை; அந்த மண்ணின் பழைய குடிகள் கல்லிலும் உலோகத்திலும் செதுக்கிய உருவங்களைப் பார்த்துச் செய்தவை.

ஒன்று தங்கம். இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்திப் பிடித்திருக்கும். இதயத்தின் தலையில் ஒரு கிரீடம். மற்றது வெள்ளி. அகலமான பட்டை. அதைச் சுற்றி ஒரே ஒரு கோடு மேலேறி, கீழிறங்கி, தன்னைத்தானே பின்னிக்கொண்டு முடிச்சு முடிச்சாக ஓடும். பள்ளங்களில் கறுப்பு ஏற்றியிருந்தார்கள். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் கோடு கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும்.

வெள்ளி மோதிரத்துக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"என் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? சொல் பார்க்கலாம்" என்று பக்கத்து மோதிரத்தைச் சீண்டும்.

"தெரியவில்லை."

"தெரியாது. ஏனென்றால் கிடையாது. முடிவே இல்லாத அன்பு என்று எனக்கு அர்த்தம். உனக்கு என்ன?"

"கை என்றால் நட்பு. இதயம் என்றால் அன்பு. கிரீடம் என்றால் விசுவாசம். அதுபோக எனக்கு ஒரு வேலையும் இருக்கிறது. என் இதயத்தின் கூர்முனை விரல் நுனியைப் பார்த்திருந்தால் போட்டிருப்பவரின் மனசு காலி. மணிக்கட்டைப் பார்த்திருந்தால் உள்ளே ஆள் வந்தாயிற்று. இந்த ஊரில் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள்."

"ஆக, நீ ஒரு பெயர்ப்பலகை" என்றது வெள்ளி மோதிரம். தங்கத்துக்கு வாய்ச்சண்டை பிடிக்காது.

ஒரு சனிக்கிழமை கல்யாண மோதிரம் வாங்க இரண்டு பேர் கடைக்குள் வந்தார்கள். அவள் எமில்டா, நாகர்கோவிலிலிருந்து அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த நர்ஸ். அவன் ஃபின்டன், அந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறவன். ஃபின்டனுக்கு விரல்கள் வாழைப்பழம் மாதிரி. வெள்ளி மோதிரம் ஒன்றுதான் அந்த விரலில் ஏறியது. தங்க மோதிரத்தை எமில்டா எடுத்துக்கொண்டாள்.

"நன்றாக யோசித்து எடுங்கள்" என்றாள் கடைக்காரி. "பின்னால் பெரிசாக்கு, சின்னதாக்கு என்று வந்து நிற்கக் கூடாது. சுற்றிலும் பின்னல். எந்த இடத்தில் வெட்டினாலும் கோடு அறுந்துவிடும்."

"நான் எதற்கு இதை வெட்டப்போகிறேன்?" என்று சிரித்தான் ஃபின்டன்.

வெள்ளி மோதிரம் பக்கத்து மோதிரத்தைப் பார்த்து, கேட்டாயா என்பது போல மின்னியது.

இருபத்திரண்டு வருஷம் அது அந்த விரலில் வாழ்ந்தது. பகல் முழுக்க ஸ்டியரிங்கில் தாளம் போடும். பஸ்ஸைக் கழுவ ப்ளீச் வாளியில் கைவிடும் முன்பு ஃபின்டன் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வெந்நீரும் கொஞ்சம் சோப்பும். பிறகு சட்டை நுனியால் ஒரு துடைப்பு. அவ்வளவுதான் பராமரிப்பு. வெள்ளிக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. மனிதத் தோலில் உரசிக்கொண்டே இருந்தால் அது தானே பளபளப்பாக இருக்கும்.

கைகோத்து நடக்கும்போதெல்லாம் இரண்டு மோதிரங்களும் இடித்துக்கொள்ளும். "தள்ளிப் போயேன்" என்னும் தங்கம். "நானா வந்தேன்? அவன் பிடித்தான்" என்னும் வெள்ளி. இந்தச் சண்டையை இருபத்திரண்டு வருஷமும் சலிக்காமல் போட்டன.

ஒரு பிப்ரவரி மாதம் ஃபின்டனின் நெஞ்சு நின்றுபோனது. எமில்டா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. எத்தனையோ பேரின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி உறவினர் கையில் கொடுத்தவள், அன்றைக்கு இவன் விரலிலிருந்து தானே கழற்றித் தானே வாங்கிக்கொண்டாள். தன் விரலில் போட்டுப் பார்த்தாள். கழன்று விழுந்தது. கட்டை விரலில் போட்டாள். அங்கேயும் நிற்கவில்லை.

ஒரு காகிதத்தில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, காலி மாத்திரைப் புட்டிக்குள் வைத்து மூடினாள். நர்ஸுக்குக் கைக்கு வந்தது அதுதான். பிள்ளைகள் இல்லை. ஆறு மாதத்தில் வீட்டைக் கொடுத்துவிட்டு நாகர்கோவிலுக்கே வந்துவிட்டாள். புட்டி பீரோவின் லாக்கருக்குள் போயிற்று.

லாக்கருக்குள் மோதிரத்துக்குக் கிடைத்த துணை ரப்பர் பேண்டு மட்டும்தான். அதுவோ வாயாடியிலும் வாயாடி.

"நானும் வளையம், நீயும் வளையம்" என்று அது முதல் நாளே உறவு கொண்டாடியது. "எனக்கும் தொடக்கம் முடிவு கிடையாது, தெரியுமா? நாம் ஒரே சாதி."

"கொஞ்சம் தளர்ந்து உட்கார். மூச்சு முட்டுகிறது."

"அன்பாகக் கட்டிப் பிடித்திருக்கிறேன், அது உனக்குப் பொறுக்கவில்லையா? உன்னைத் தொட இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?"

அது உண்மைதான். ஆனால் ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது. இந்த விஷயம் எமில்டாவுக்குத் தெரியாது. ரப்பர் பேண்டு இறுக்க இறுக்க, காகிதத்தையும் தாண்டி மோதிரம் கறுத்தது. முதலில் மஞ்சள் பாய்ந்தது, பிறகு பழுப்பு, பிறகு அடுப்புக்கரி. மேடும் பள்ளமும் ஒரே கறுப்பாகிவிட்டன. உப்புக் காற்று வேறு பீரோ இடுக்கு வழியே வந்து தன் பங்கைச் செய்துவிட்டுப் போனது.

வருஷத்துக்கு ஒருமுறை, கல்யாண நாளன்று, எமில்டா லாக்கரைத் திறப்பாள். புட்டியை எடுப்பாள். திறக்க மாட்டாள். மாத்திரை மீதி இருக்கிறதா என்று பார்ப்பவள் போலக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். அந்த ஒரு நிமிஷம்தான் இரண்டு மோதிரங்களுக்கும் பேச வாய்ப்பு.

"எப்படி இருக்கிறாய்?" என்று வெளியிலிருந்து கேட்கும் தங்கம்.

"கறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் முழுசாக இருக்கிறேன். கோடு அறுபடவில்லை. உனக்கென்ன, விரல் இருக்கிறது."

"விரல் இருக்கிறது. இடிப்பதற்குத்தான் ஆள் இல்லை" என்றது தங்கம். "இந்த ஊரில் என்னை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. இதய டிசைன் நன்றாக இருக்கிறது, எத்தனை கிராம் என்று மட்டும் கேட்கிறார்கள். என் கூர்முனை இன்னும் மணிக்கட்டைத்தான் பார்க்கிறது. அவள் திருப்பவே இல்லை."

அதற்குள் லாக்கர் மூடிவிடும்.

நாலாவது வருஷம் ரப்பர் பேண்டு காய்ந்து, வெடித்து, ஒரு மத்தியானம் பட்டென்று அறுந்தது. "எனக்கும் முடிவு..." என்று ஏதோ சொல்ல வந்து பாதியில் நின்றுவிட்டது. பொறுத்துக்கொள்ள முடியாத துணைதான். இருந்தாலும் அது போனபிறகு அந்தப் புட்டிக்குள் இருந்த அமைதி மோதிரத்தைத் தின்றது. தொந்தரவு செய்யக்கூட ஆளில்லாமல் போவதைப் போலக் கொடுமை வேறில்லை என்று எனக்கும் தோன்றுகிறது.

கிறிஸ்துமஸுக்கு வீடு தூசி தட்ட எமில்டாவின் தங்கை பிலோமி வந்தாள். பக்கத்துத் தெருதான். நல்ல மனசு, அவசரக் கை. எமில்டா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பிலோமி பீரோவைக் காலி பண்ணித் துடைத்தாள். புட்டி கண்ணில் பட்டது. திறந்தாள். கரிக்கட்டை மாதிரி ஒரு மோதிரம்.

"அய்யோ, மச்சான் மோதிரம்லா இது! எப்படிக் கெடக்குது பாரு" என்று பதறிப்போய் அடுப்படிக்குக் கொண்டுபோனாள். புளியைக் கரைத்து ஊறவைத்தாள். பல்பொடி போட்டாள். பழைய டூத்பிரஷ்ஷை எடுத்துச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு மணிநேரம் தேய்த்தாள். பள்ளத்துக்குள் இருந்த கறுப்பு அவளை என்னவோ சவாலுக்கு அழைப்பது போல இருந்தது. ஊசியை வைத்துக் கிண்டி அதையும் எடுத்துவிட்டாள்.

"அம்மா, அது அழுக்கு இல்லை, அது நான்!" என்று மோதிரம் கத்தியது. பிலோமிக்கு அது எப்படிக் கேட்கும்?

எமில்டா வந்ததும் பெருமையோடு நீட்டினாள். "எக்கா, பாத்தியா? புதுசு கணக்கா ஆக்கிட்டேன்."

எமில்டா வாங்கிப் பார்த்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடி போட்டுப் பார்த்தாள். எல்லா இடமும் ஒரே வெளுப்பு. மேடு எது, பள்ளம் எது, கோடு எது என்று ஒன்றும் தெரியவில்லை. பாத்திரக்கடையில் தொங்கும் வளையம் மாதிரி இருந்தது.

"ஏட்டி பிலோமி, கோட்ட எங்கட்டி காணோம்?"

"எந்தக் கோடு?"

"கறுப்புல ஒரு கோடு ஓடும்லா. அவரு விரல்ல ஓடும்லா. நான் சினிமாத் தியேட்டர்ல இருட்டுக்குள்ள இருந்து தடவிட்டே இருப்பேன். அது எங்க?"

பிலோமியின் முகம் விழுந்துவிட்டது. "அழுக்குன்னுல்லா நெனச்சேன், எக்கா..."

எமில்டா திட்டவில்லை. திட்டியிருந்தால் பிலோமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் இருவரும் நாகமணி ஆசாரியின் பட்டறைக்குப் போனார்கள். நாகமணிக்கு நாற்பது வயதிருக்கும். லென்ஸைக் கண்ணில் சொருகி மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடு போகல, சிஸ்டர். கறுப்புதான் போயிருக்கு. மருந்து வச்சு கறுப்பேத்திட்டா பழையபடி தெரியும். அது பெரிய காரியம் இல்ல. யாரு போடுகதுக்கு? சாருக்கா?"

"அவருக்கு இப்ப வேண்டாம்" என்றாள் எமில்டா.

"அப்போ யாரு போடப்போறா? திரும்பவும் பெட்டிக்குள்ளதான் வைப்பியன்னா நான் சொல்லிப்போடுதேன், மறுபடியும் மொத்தமா கறுத்துத்தான் போவும். வெள்ளி ஆள் மேல கெடக்கணும். அதுதான் அதுக்கு மருந்து."

எமில்டா மோதிரத்தை வாங்கித் தன் விரலில் போட்டுப் பார்த்தாள். பிறகு, "எனக்குப் போடணும். பெரிசா இருக்கு" என்றாள்.

"அப்போ வெட்டணும். ஒரு நெல்லு நீளம் எடுத்துட்டு பத்தவைக்கணும். ஆனா ஒண்ணு சிஸ்டர், இது சுத்திலும் பின்னல். எடுத்தா அந்த இடத்துல ரெண்டு கோடும் நேருக்கு நேரா சேராது."

"எக்கா, செயின்ல கோத்துப் போட்டுக்கயேன்" என்றாள் பிலோமி, ஏதாவது பரிகாரம் செய்துவிடும் தவிப்பில்.

"கையிலதான் அவரு போட்டாரு" என்றாள் எமில்டா. "வெட்டுங்க."

மோதிரம் பட்டறைப் பலகை மேல் உட்கார்ந்திருந்தது. ரம்பம் வந்து பக்கத்தில் படுத்தது. நூல் மாதிரி மெல்லியது, குரலும் மெல்லியது.

"எனக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை" என்றது ரம்பம்.

"தொடாதே. என்னிடம் இருப்பதே இந்த ஒரு கோடுதான். அவன் போய்விட்டான், கறுப்பு போய்விட்டது. இதுவும் போனால் நான் என்ன?"

ரம்பம் பேசிக்கொண்டே வேலை பார்க்கும் ரகம். இரண்டு வெட்டு. ஒரு நெல் நீளத் துண்டு பலகையில் விழுந்தது. நாகமணி அதை எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தார். மோதிரம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

இரண்டு முனைகளையும் நெருக்கி, ஒட்டுப் பிடிக்க வெங்காரம் பூசி, பற்றவைக்கும் பொடியை வைத்து நெருப்பைக் காட்டினார். பொடி உருகி ஓடிச் சந்தில் இறங்க வேண்டும். இறங்கவில்லை. குண்டுமணி மாதிரி உருண்டு திரண்டு கீழே விழுந்தது. மறுபடி சுத்தம் செய்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மோதிரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது.

"பிடிக்க மாட்டேங்குது சிஸ்டர். எனக்கு இப்படி ஆனதில்ல."

எமில்டா நெற்றியைத் தடவினாள். "அப்போ விட்டிருங்க. இப்படியே கொண்டுபோறேன்" என்று கைப்பையைத் திறந்து அந்த மாத்திரைப் புட்டியை எடுத்துப் பலகை மேல் வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

புட்டியின் பக்கத்தில் அவள் இடது கை இருந்தது. தங்க மோதிரம் நாலு வருஷத்தில் முதல்முறையாக வெள்ளிக்கு எதிரே, தடுப்பு எதுவும் இல்லாமல் இருந்தது.

"பிடித்துக்கொள்ளேன்" என்றது தங்கம்.

"முடியாது. சேர்ந்தால் அந்தத் தழும்போடுதான் இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் எல்லாரும், இதோ இங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். முடிவில்லாதவன் என்ற பேரோடு நான் புட்டிக்குள்ளேயே இருந்துகொள்கிறேன்."

"யாருக்காக?"

"அவனுக்காக."

"அவன் முடிந்துவிட்டான்" என்றது தங்கம். அது இதுவரை யாரையும் கடிந்து பேசியதில்லை. "பிப்ரவரி மாதம், சாயங்காலம் நாலே முக்காலுக்கு. நான் அவன் கைக்குள்தான் இருந்தேன். நீயும் அங்கேதான் இருந்தாய். உனக்கு முடிவில்லை என்பதால் அவனுக்கும் இல்லை என்றாகிவிடுமா? நீ புட்டிக்குள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாய். இவள் வீட்டுக்குள் அதையே செய்துகொண்டிருக்கிறாள்; அவன் போய்விட்டான் என்று இன்றுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி, தனியாக, எல்லாம் தெரிந்துகொண்டு கிடக்கிறேன்."

வெள்ளி மோதிரத்துக்கு, வெட்டுப்பட்டுத் திறந்திருந்த வாய் வழியாக, தலைகீழாக, எமில்டாவின் முகம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்துக்கு வயதாகியிருந்தது. அதைத் தான் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

"இன்னொரு தடவ பாத்திருதேன் சிஸ்டர்" என்றார் நாகமணி. தோற்று அனுப்ப அவருக்கு மனசில்லை. வெங்காரம் பூசினார். பொடி வைத்தார். நெருப்பு வந்தது.

"வலிக்கும்" என்றது நெருப்பு.

"தெரியும். வா."

மோதிரம் மெல்லச் சிவந்தது. பொடி ஒரு கணம் உருண்டு நின்றது, பிறகு தண்ணீர் மாதிரி சந்துக்குள் இறங்கிவிட்டது.

நாகமணி அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினார், அரத்தால் ராவினார், கறுப்பு மருந்து பூசினார், மேட்டில் இருந்த கறுப்பை மட்டும் துணியால் துடைத்து எடுத்தார். பள்ளம் கறுத்தது, கோடு எழுந்து வந்தது. முடிச்சுக்கு மேல் முடிச்சாகச் சுற்றி ஓடியது. ஓரிடத்தில் மட்டும் வந்த கோடு ஒரு பக்கமும் போகிற கோடு ஒரு பக்கமுமாக, மயிரிழை விலகி நின்றன.

"அந்த ஒரு இடத்துல மட்டும் சேரல. அதுக்கு மேல நம்மால ஆகாது" என்று வருத்தமாகச் சொன்னார். "கையில கெடக்கட்டும். ப்ளீச்சிங் பவுடர் தொடும்போது மட்டும் கழத்துங்க. வெந்நி, கொஞ்சம் சோப்பு, மெத்துன்னு ஒரு துணி. ரப்பர் பேண்டு பக்கத்துல கொண்டுபோகாதிங்க." பிலோமி பக்கம் திரும்பினார். "புளி வேண்டாம். பல்பொடி வேண்டவே வேண்டாம். ஊசிய எடுத்தியன்னா நான் போலீஸுக்குச் சொல்லுவேன்."

பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எமில்டா அதை நடுவிரலில் போட்டுக்கொண்டாள். தங்க மோதிரத்துக்கு அடுத்த விரல். போட்டவுடனே இரண்டும் இடித்துக்கொண்டன. தள்ளிப் போ என்று தங்கம் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டமில்லை. பிலோமிக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு எமில்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியதும் அவள் கட்டைவிரல் தானாக வந்து கோட்டைப் பிடித்தது. ஏறியது, இறங்கியது, முடிச்சுக்குள் போய் வெளியே வந்தது. அந்தக் கட்டைவிரலுக்கு இது பழக்கப்பட்ட பாதைதான். அந்தக் காலத்தில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நிற்கவேண்டி வந்ததில்லை.

இன்றைக்கு ஓரிடத்தில் நின்றது. அங்கே கோடு தொடரவில்லை.

விரல் அங்கேயே இருந்தது. மோதிரத்துக்கு அந்தத் தழும்பின் மேல் அவள் தோலின் சூடு தெரிந்தது. அசையாமல் இருந்தது.

"பிலோமி" என்றாள் எமில்டா, முன்னால் பார்த்தபடியே. "ஃபின்டன் செத்துப்போயிட்டாரு."

நாலு வருஷம் ஆச்சே எக்கா என்று சொல்லத்தான் பிலோமி திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, அப்போதுதான் சேதி வந்த வீட்டுக்காரி போல, "எப்பக்கா?" என்று கேட்டாள்.